கோபுரமும் சோடா கம்பெனியும்

ஸ்டூடியோக்களின் காலம் – அத்தியாயம் 14

பாரமவுன்டுக்கு மலை. எம்ஜிஎம்முக்குச் சிங்கம். கொலம்பியாவுக்குத் தீப்பந்தம் ஏந்திய பெண். ஆர்.கே.ஓ. ரேடியோ பிக்சர்ஸுக்கு ஓர் உலக உருண்டை; அதன் உச்சியில் மின்னலைச் சிதறடிக்கும் ஒலிபரப்புக் கோபுரம். படம் தொடங்கும்போது கோபுரத்திலிருந்து தந்திக் கட்டைச் சத்தம் கேட்கும். மோர்ஸ் தெரிந்தவர்களுக்கு அதில் 'இது ஒரு ரேடியோ படம்' என்ற சேதி கிடைக்கும். கம்பெனியின் பிறப்பு ஜாதகமே அந்த முத்திரைதான். மற்ற ஸ்டூடியோக்களைத் தொடங்கியவர்கள் கொட்டகைக்காரர்கள், கம்பளித்தோல் வியாபாரிகள், கையுறை விற்றவர்கள். இதைத் தொடங்கியது ஒரு ரேடியோ கம்பெனி.

பேசும் படமாக 'தி ஜாஸ் சிங்கர்' வந்தபிறகு மற்ற முதலாளிகளுக்குத் தூக்கம் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1928 மே மாதத்தில் பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஒலிக்கருவிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஆர்.சி.ஏ. கம்பெனியிடம் ஃபோட்டோஃபோன் என்ற போட்டிக் கருவி இருந்தது; வாங்கத்தான் ஆளில்லை. ஆர்.சி.ஏ.வின் டேவிட் சார்னாஃப் இதற்கு ஒரு வழி கண்டார். கருவி வாங்க ஸ்டூடியோ கிடைக்காவிட்டால் என்ன, ஒரு ஸ்டூடியோவையே சொந்தமாக உண்டாக்கிவிட்டால் போயிற்று! ஜோசப் கென்னடி – பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தகப்பனார் – கையில் எஃப்.பி.ஓ. என்ற சிறு கம்பெனி இருந்தது. மலிவான கௌபாய் படங்கள்தான் அதன் சரக்கு. கீத்-ஆல்பி-ஆர்ஃபியம் என்ற மேடைக் கதம்ப நிகழ்ச்சிக் குழுமத்திடம் நாடெங்கும் தியேட்டர்கள் இருந்தன. சினிமா வந்ததால் அவற்றில் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. மூன்றையும் 1928 அக்டோபரில் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார்கள். ரேடியோ-கீத்-ஆர்ஃபியம்: ஆர்.கே.ஓ.

ஆக, படம் எடுக்கும் வெறியில் யாரும் இந்தக் கம்பெனியைத் தொடங்கவில்லை. கருவி விற்க வேண்டும் என்ற கவலையில் பிறந்தது இது. எம்ஜிஎம்மில் லூயிஸ் பி. மேயர் இருந்தார், வார்னரில் ஜாக் வார்னர், கொலம்பியாவில் ஹாரி கோன். கொடுங்கோலர்கள்தான், ஆனால் ஒரே நாற்காலியில் பல்லாண்டு உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய ருசி படத்துக்குப் படம் ஒட்டியிருக்கும். ஆர்.கே.ஓ.வில் நாற்காலி இருந்தது, ஆள் தங்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தயாரிப்புத் தலைவர் மாறுவார். வந்தவர் போனவரின் திட்டங்களைக் குப்பையில் போடுவார். கணக்கு ஏட்டுக்கு இது சாபம். பின்னாளில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு இதுவே வரம் என்பது என் கட்சி. ஒருவருடைய ருசிக்குக் கட்டுப்படாததால்தான் இந்த ஒரே வாசலில் ஒரு ராட்சதக் குரங்கும், வால்கோட் போட்ட நடனக்காரரும், இருபத்தைந்து வயதுப் பையன் எடுத்த ஒரு மகா காவியமும் வெளியே வர முடிந்தது.

ஆனால் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது படங்களை மட்டும் அல்ல. அவற்றுக்குத் தீர்ப்பு சொன்னவர்களையும்தான். ஆர்.கே.ஓ. படங்களில் முக்கியமானவை எல்லாம் ஒருமுறைக்கு மேல் விசாரிக்கப்பட்டவை. முதல் தீர்ப்பு வெளியான வாரத்தில் பத்திரிகை விமர்சகர் எழுதியது. இரண்டாவது கல்லாப்பெட்டி சொன்னது. மூன்றாவது தீர்ப்பு இருபது ஆண்டுகள் கழித்து, வீட்டுக் கூடத்தில், ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எழுதப்பட்டது.

1931-ல் வந்த 'சிமரான்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பத்திரிகைகள் கொண்டாடின. செலவு 14 லட்சம் டாலருக்கு மேல்; வெளியீட்டில் நஷ்டம். இன்று யாரும் அதை விரும்பிப் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. முதல் தீர்ப்பில் ஜெயித்து, பின்னால் வந்த இரண்டிலும் தோற்ற படம் அது. அதற்கு நேர் எதிர் ஜாதி 'கிங் காங்'.

1933 ஜனவரியில் ஆர்.கே.ஓ. கடனில் மூழ்கி நீதிமன்ற ரிசீவரின் கைக்குப் போனது; மீண்டு வர 1940 ஆயிற்று. அந்த நிலையில்தான் மெரியன் சி. கூப்பரும் எர்னஸ்ட் ஷூட்சாக்கும் ஒரு குரங்குப் படத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். செலவு சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் டாலர். வில்லிஸ் ஓ'பிரையன் ஒன்றரை அடி உயரப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சட்டகம் எடுத்து, அதற்கு உயிர் கொடுத்தார். பொம்மைமேல் ஒட்டிய முயல் ரோமம், ஆட்டியவரின் விரல் பட்ட இடமெல்லாம் கலைந்து, திரையில் நெளிந்துகொண்டே இருக்கும். குரங்கின் கோபம் உடம்பெல்லாம் சிலிர்ப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். மாக்ஸ் ஸ்டைனர் அந்தப் பொம்மைக்கு ஓபராவுக்குரிய இசை எழுதினார்.

1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், ஆர்.கே.ஓ. ராக்சி ஆகிய இரண்டு பிரம்மாண்டமான அரங்குகளிலும் ஒரே நேரத்தில் வெளியீடு. அதே வாரத்தில் ரூஸ்வெல்ட் பதவியேற்று நாட்டின் வங்கிகளை எல்லாம் மூடச் சொன்னார். கையில் காசு புழங்காத அந்த நாட்களிலும், முதல் நான்கு நாளில் கிட்டத்தட்ட 90 ஆயிரம் டாலர் வசூலானது. பத்திரிகைகள் தந்திரக் காட்சிகளை வியந்தன. ஆனால் அதைக் கலை என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கஸைப் பாராட்டுவதுபோல் பாராட்டினார்கள். 1938 மறுவெளியீட்டில் தணிக்கை விதிகளின்படி சில காட்சிகளைக் கத்தரித்தார்கள். குரங்கு கதாநாயகியின் ஆடையைப் பிய்த்து முகர்வது, மனிதர்களைக் கடிப்பது, தவறாகப் பிடித்த ஒரு பெண்ணை உயரத்திலிருந்து நழுவ விடுவது எல்லாம் போயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் பார்த்தது இந்த மொட்டைப் படத்தைத்தான்.

ஃப்ரெட் அஸ்டேர் – ஜிஞ்சர் ராஜர்ஸ் ஜோடியைப் பற்றி இங்கே நிறையச் சொல்லப்போவதில்லை. இசைப்படங்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. 1933 முதல் 1939 வரை ஆர்.கே.ஓ.வில் ஒன்பது படங்கள், ஸ்டூடியோவைத் தாங்கிய தூண்கள் அவை. நடனத்தைத் துண்டு துண்டாக வெட்டக் கூடாது, தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் தெரிய வேண்டும் என்று அஸ்டேர் பிடித்த பிடிவாதம் மட்டும் இப்போதைக்கு நினைவில் இருக்கட்டும். 1935-ல் வந்த 'டாப் ஹாட்'டில் பூக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணையும் கவனித்து வையுங்கள். இரண்டொரு வசனம்தான். பெயர் லூசில் பால்.

இனி ஹோவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி'. 1938. டைனோசர் எலும்புக்கூட்டை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும் அப்பாவி விஞ்ஞானியாக கேரி கிராண்ட். அவர் வாழ்க்கையில் ஒரு சிறுத்தையுடன் நுழையும் பணக்காரப் பெண்ணாக காதரின் ஹெப்பர்ன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மூச்சு விட இடம் இல்லை. நியூயார்க் டைம்ஸில் ஃப்ராங்க் நூஜென்ட் அதைக் கிழித்தார். இதுவரை சினிமாவே பார்க்காதவருக்கு வேண்டுமானால் இது புதுசாக இருக்கும் என்பதுதான் அவருடைய குத்தல். எல்லாம் அரைத்த மாவு என்று அர்த்தம். பத்து லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய படம், முதல் வெளியீட்டில் 3 லட்சத்து 65 ஆயிரம் நஷ்டம். சில மாதங்களில் தியேட்டர் சொந்தக்காரர் சங்கம் ஒன்று பத்திரிகையில் முழு விளம்பரம் கொடுத்து, வசூலுக்கு விஷம் என்று ஒரு நட்சத்திரப் பட்டியலை வெளியிட்டது. ஹெப்பர்ன் பெயரும் அதில் இருந்தது. அவர் ஆர்.கே.ஓ.வை விட்டு வெளியேறினார்.

நூஜென்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் பணக்காரப் பைத்தியக்காரக் குடும்ப நகைச்சுவைகள் வரிசையாக வந்து சலித்திருந்தன. வாரத்துக்கு இத்தனை படம் பார்த்தே ஆக வேண்டிய மனிதர் சலிப்பை எழுதினார். பிறகு அவரே திரைக்கதை எழுதப் போய், ஜான் ஃபோர்டுக்கு 'ஃபோர்ட் அபாச்சி', 'தி க்வயட் மேன்', 'தி சர்ச்சர்ஸ்' எல்லாம் எழுதிக் கொடுத்தார். விமர்சனம் எழுதியவர் படத்துறைக்குப் போனால் என்ன ஆகும் என்று நையாண்டி செய்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

ஹெப்பர்ன் போன ஆண்டில்தான் ஜார்ஜ் ஷேஃபர் ஆர்.கே.ஓ.வின் தலைவராக வந்தார். தரம் வேண்டும், பெயர் வேண்டும் என்று நினைத்தவர். 1938 அக்டோபர் 30 இரவு, செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுப்பதாக வானொலி நாடகம் போட்டு நாட்டைப் பரபரப்பாக்கிய ஆர்சன் வெல்ஸை அவர் அழைத்துவந்தார். 1939 ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தம் ஹாலிவுட்டை வாய் பிளக்க வைத்தது. எழுதலாம், இயக்கலாம், தயாரிக்கலாம், நடிக்கலாம். படம் முடிந்து வெளியாகும் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை, அதாவது எடிட்டிங் மேஜையில் கடைசி வார்த்தை, வெல்ஸுக்கு. ஒரு படம்கூட எடுத்திராத 24 வயதுப் பையனுக்கு! அந்த ஒப்பந்தத்தைப் பற்றி இந்த அத்தியாயம் முடிவதற்குள் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

'சிட்டிசன் கேன்' பத்திரிகைச் சக்கரவர்த்தி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்டின் வாழ்க்கையைத் தொட்டது என்று செய்தி கசிந்ததும் அவருடைய பத்திரிகைகளில் ஆர்.கே.ஓ. படங்களுக்கு விளம்பரம் இல்லை, பெயர்கூட இல்லை. மற்ற ஸ்டூடியோ முதலாளிகள் நடுங்கினார்கள். ஹர்ஸ்ட் தங்கள் வீட்டு இரகசியங்களையும் அச்சில் ஏற்றிவிட்டால்? நெகட்டிவையும் பிரிண்டுகளையும் எரித்துவிட்டால் செலவான பணத்தைத் தருகிறோம் என்று மேயரின் தரப்பிலிருந்து ஷேஃபருக்கு 8 லட்சம் டாலருக்குமேல் பேரம் வந்தது. ஷேஃபர் மறுத்தார். இந்த வரலாற்றில் முதலாளிகளைப் பாராட்ட வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை, இங்கே பாராட்டிவிடுகிறேன்.

ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் படத்தை எடுக்க மறுத்தது. 1941 மே 1 அன்று ஆர்.கே.ஓ.வின் சொந்த பேலஸ் தியேட்டரில் படம் வெளியானது. இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். 'கேன்' வந்தபோது விமர்சகர்களுக்குப் புரியவில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரவுதர், ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட படங்களிலேயே பரபரப்பு மிகுந்ததற்கு இது மிக நெருங்கி வருகிறது என்ற அளவுக்கு எழுதினார். கேன் என்ற மனிதன் யார் என்று மட்டும் தெளிவாகவில்லை என்று முணுமுணுத்தார். நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த படமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. தோற்றது கல்லாப்பெட்டியில், சுமார் ஒன்றரை லட்சம் டாலர் நஷ்டம். ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஹெர்மன் மான்கிவிச்சுக்கும் வெல்ஸுக்கும் திரைக்கதைக்காக.

அமெரிக்காவுக்கு வெளியே வந்த விமர்சனங்கள் இன்னும் சுவையானவை. பியூனஸ் அயர்ஸில் எழுத்தாளர் போர்ஹெஸ், 'சுர்' இதழில் இந்தப் படத்தை மையமே இல்லாத ஒரு புதிர்க்கோட்டைக்கு ஒப்பிட்டார். ஒரு ஆரூடமும் சொன்னார்: கிரிஃபித்தின் சில படங்கள்போல இதுவும் நிலைக்கும், வரலாற்று மதிப்பை யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் மறுபடி பார்க்க ஒருவரும் ஆசைப்படமாட்டார்கள். படத்தை அமெரிக்காவில் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய தத்துவவாதி சார்த்தர் 1945-ல், முடிந்துபோன கதையைப் பின்னோக்கிச் சொல்லும் அந்த முறையையே கண்டித்து எழுதினார். போர் முடிந்து, தடைபட்டிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-ல் மொத்தமாகப் பாரிஸுக்கு வந்து இறங்கியபோதுதான் ஆந்த்ரே பஸான் என்ற விமர்சகர் வெல்ஸின் பக்கம் நின்று பதில் வாதம் வைத்தார். முன்னால் நிற்பவரும் தூரத்து ஜன்னலுக்கு வெளியே பனியில் விளையாடும் சிறுவனும் ஒரே சட்டகத்தில் சமமாகத் துலங்கும்படி ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எடுத்த காட்சிகளை வைத்து, பார்வையாளன் எங்கே பார்ப்பது என்பதை அவனே தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தைப் பற்றிப் பஸான் எழுதினார். நல்ல விமர்சனம் என்பது தீர்ப்பு அல்ல, பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று நம்புகிறவன் நான். பஸானைப் படித்தபிறகு அந்தப் பனிக் காட்சியை முன்போல் பார்க்க முடிவதில்லை.

வெல்ஸின் அடுத்த படம் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவர் பிரேசிலில் வேறு படப்பிடிப்பில் இருந்தபோது, 1942 மார்ச்சில் பொமோனாவில் முன்னோட்டக் காட்சி. கொண்டாட்டத்தை எதிர்பார்த்து வந்த இளைஞர் கூட்டம் சிரித்தது. ஸ்டூடியோ படத்தை 88 நிமிடமாக வெட்டி, முடிவை மாற்றி எடுத்து ஒட்டியது. வெட்டிய பகுதிகளின் நெகட்டிவும் அழிக்கப்பட்டது. இந்தப் படத்தில் கடைசி வார்த்தை உரிமையை வெல்ஸ் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தார். கோடையில் ஷேஃபர் பதவி இழந்தார். வெல்ஸின் ஆட்கள் ஸ்டூடியோ வளாகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மேதைமை வேண்டாம், வித்தை காட்டினால் போதும் என்ற பொருளில் புதிய நிர்வாகம் ஒரு கோஷத்தையே வைத்துக்கொண்டது.

அந்த நிர்வாகம் வித்தைக்காக அழைத்துவந்தவர் வால் லூட்டன். பேய்ப்படப் பிரிவு அவர் பொறுப்பு. நிபந்தனை மூன்று: செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை மேலிடம் கொடுக்கும், கதையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் தந்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. பூனை மனிதர்கள்! லூட்டன் மனமுடைந்துபோனார் என்றும், பிறகு காசில்லாததையே பலமாக மாற்றினார் என்றும் சொல்வார்கள். முதல் பாதி உண்மையோ என்னவோ, இரண்டாம் பாதியைப் படம் பார்த்தாலே தெரியும். பூதத்துக்கு வேஷம் போடக் காசில்லை. ஆகவே பூதத்தைக் காட்டவில்லை. இரவுத் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடி. பிறகு அந்தக் காலடி நின்றுவிடுகிறது. உறுமல் ஒன்று பாய்கிறது – பார்த்தால் வந்து நிற்கும் பேருந்தின் பிரேக் சீறல். பேய்ப்படம் எடுப்பவர்கள் இன்றுவரை அந்தப் பேருந்தில்தான் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படத்தில் வரும் பெரிய மாடிப்படி, 'ஆம்பர்சன்ஸ்' மாளிகைக்காகப் போட்ட செட்! துரத்தப்பட்ட மேதையின் படிக்கட்டை மலிவுப் படக்காரர் சும்மா விடவில்லை.

1942 டிசம்பரில் படம் வந்தது. கிரவுதருக்குப் பிடிக்கவில்லை. கூட்டமோ அலைமோதியது. ஜேம்ஸ் ஏஜி போன்ற ஒருசில விமர்சகர்கள்தான் இந்தச் சின்னப் படங்களில் இருந்த கவித்துவத்தை அந்தக் காலத்திலேயே பிடித்தார்கள். இரட்டைக் காட்சியின் இரண்டாவது படமாக ஓட வேண்டியவற்றைப் பெரிய பத்திரிகைகள் நாலு வரியில் முடித்துவிடும். நாலு வரிக்குள் ஒரு நிழலின் அழகைச் சொல்ல எவரால் முடியும்?

போருக்குப் பின் 'அவுட் ஆஃப் த பாஸ்ட்', 'கிராஸ்ஃபயர்' என்று நல்ல இருட்டுப் படங்கள் சில வந்தன. பிறகு இருட்டு ஸ்டூடியோவுக்கே வந்தது. 1948 மே மாதம் விமானக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 88 லட்சம் டாலருக்கு ஆர்.கே.ஓ.வின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றினார். அதே மாதம் உச்ச நீதிமன்றம், ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் வைத்துக்கொண்டு சந்தையை வளைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மற்ற பெரிய கம்பெனிகள் இழுத்தடித்தபோது, தியேட்டர்களைப் பிரிக்கிறேன் என்று முதலில் கையெழுத்திட்டது ஹியூஸ்தான். நூற்றுக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார். தன் ஸ்டூடியோவுக்கு அவர் ஒரே ஒரு முறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளையடியுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனதாக ஹாலிவுட்டில் ஒரு கதை உண்டு. 1949-ல் தொடங்கிய 'ஜெட் பைலட்' 1957-ல்தான் வெளியானது. அதற்குள் படத்தில் காட்டிய விமானங்களே பழசாகிவிட்டன. 1954-ல் பங்குக்கு 6 டாலர் வீதம் 2 கோடியே 34 லட்சத்துச் சொச்சத்துக்கு ஒரே காசோலை எழுதி மிச்சப் பங்குகளையும் வாங்கப் போனார். அடுத்த ஆண்டு ஜூலையில் அலுத்துப்போய் 2 கோடியே 50 லட்சத்துக்கு விற்றார்.

வாங்கியது ஒரு டயர் கம்பெனி. ஜெனரல் டயர் அண்ட் ரப்பர். கேலிக்குரியதாகத் தோன்றும், ஆனால் இந்தக் கதையில் தான் செய்வது இன்னதென்று தெரிந்து செய்த ஒரே முதலாளி இவர்கள்தான் என்பேன். ஜெனரல் டயரிடம் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். உள்ளிட்ட தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன. பொழுது முழுக்க ஒளிபரப்ப ஏதாவது வேண்டும். பெரிய ஸ்டூடியோக்கள் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்குத் தர மறுத்துவந்தன. தந்தால் தியேட்டர்காரர்கள் புதுப் படங்களைப் புறக்கணிப்பார்கள் என்ற பயம். நடிகர், எழுத்தாளர் சங்கங்களுடன் பணத் தகராறு வரும் என்ற பயம். டயர் கம்பெனிக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது படப்பெட்டிகள், ஸ்டூடியோ இனாம்.

1955 டிசம்பரில் அவர்கள் தங்கள் நிலையங்கள் உள்ள ஊர்களை மட்டும் ஒதுக்கிக்கொண்டு, 740 படங்களின் தொலைக்காட்சி உரிமையை சி அண்ட் சி என்ற கம்பெனிக்கு 1 கோடியே 52 லட்சம் டாலருக்குக் கொடுத்தார்கள். ஹியூஸுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் ஐந்தே மாதத்தில் திரும்பிவிட்டது. சி அண்ட் சி? சோடா, கோலா தயாரிக்கும் கம்பெனி! அவர்கள் உள்ளூர் நிலையங்களுக்குப் படங்களைத் தந்து, பணத்தோடு விளம்பர நேரத்தையும் பண்டமாற்றாக வாங்கி, அந்த நேரத்தைப் பெண்களுக்கான உள்ளாடை தயாரிக்கும் கம்பெனிக்கு விற்றார்கள். தொலைக்காட்சிப் பிரதிகளில் இருந்து கோபுர முத்திரையை நீக்கிவிட்டுத் தங்கள் முத்திரையை ஒட்டினார்கள். சோடா கம்பெனி வழிகாட்டியதும் மற்றவர்களின் வைராக்கியம் கரைந்தது. 1956-லேயே வார்னர், எம்ஜிஎம், ஃபாக்ஸ் படங்கள் சின்னத்திரைக்கு வந்தன. பாரமவுன்ட் மட்டும் 1958 வரை தாக்குப்பிடித்து 5 கோடி டாலர் விலை பேசியது. காத்திருந்தவருக்குக் கிடைத்த கூலி.

நியூயார்க்கில் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் 'மில்லியன் டாலர் மூவி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. ஒரு வாரத்துக்கு ஒரே படம். தினமும் மாலையும் இரவும், சனி ஞாயிறில் அதற்கு மேலும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் சினிமா தோன்றிய நாள் முதல் சாதாரண ரசிகனுக்குக் கிடைக்காத ஒன்றை அது கொடுத்தது: இன்று பார்த்த காட்சியை நாளை மறுபடி பார்ப்பது. அதுவரை படம் என்பது ஊரை விட்டுப் போனால் போனதுதான். விமர்சகர்கூட ஒருமுறை பார்த்ததை நினைவிலிருந்தே எழுதினார். நேரடியாக ஒளிபரப்பாகிக் காற்றில் கரைந்த தொலைக்காட்சி நாடகங்களை விமர்சித்தவர்கள் நிலை இன்னும் மோசம். காலையில் அவர்கள் எழுதியதைப் படிப்பவர் அந்த நாடகத்தைப் பார்க்கவே முடியாது. மார்ட்டின் ஸ்கார்சேசி இந்த 'மில்லியன் டாலர் மூவி'யில் ஒரே படத்தை வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் சினிமா கற்றதாகப் பல முறை சொல்லியிருக்கிறார்.

1956 மார்ச்சில் அந்த நிகழ்ச்சியில் 'கிங் காங்' வந்தது. வரவேற்பைப் பார்த்து ஆர்.கே.ஓ. அதே ஆண்டில் அதைத் தியேட்டர்களில் மறுபடி ஓடவிட்டது. வீட்டில் இலவசமாகப் பார்த்த படத்துக்குச் சீட்டு வாங்கிக் கொண்டு வந்தார்கள்! படம் தொலைக்காட்சிக்குப் போனால் செத்தது என்ற வியாபாரக் கணக்கு அங்கே பொய்த்தது. கத்தரிக்கப்பட்ட காட்சிகள் கண்டெடுக்கப்பட்டு 1971-ல் ஒட்டவைக்கப்பட்டதற்குக் காரணம், அதைக் கேட்கும் ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்திருந்ததுதான். 'பிரிங்கிங் அப் பேபி'யின் வேகம் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் பிடிபடும். முதல் முறை தப்பிய வசனங்கள் அப்போது காதில் விழும். 1972-ல் பீட்டர் போக்டனோவிச் அதை மனத்தில் வைத்தே 'வாட்ஸ் அப், டாக்?' எடுத்து வெற்றிக்கொடி நாட்டினார்.

'கேன்' விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1952-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது முதல் பத்தில் இல்லை. 1962-ல் முதலிடம், 2012-ல் 'வெர்ட்டிகோ' முந்தும்வரை அதை அசைக்க முடியவில்லை. நடுவில் நடந்தது தொலைக்காட்சி மட்டுமல்ல. ஐரோப்பியர்களுக்குப் பஸானும் அவர் சீடர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1956-ல் தியேட்டர் மறுவெளியீடும் தொலைக்காட்சி வருகையும் ஒன்றாக நிகழ்ந்தன. அதே ஆண்டில்தான் ஆண்ட்ரூ சாரிஸ் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். போர்ஹெஸின் ஆரூடத்தில் முதல் பாதி பலித்தது, இரண்டாம் பாதி தலைகீழானது. உலகத்தில் மறுபடி மறுபடி அதிகம் பார்க்கப்படும் பழைய படங்களில் ஒன்றாகிவிட்டது அது.

டயர் கம்பெனி கொஞ்ச காலம் புதுப் படம் எடுத்துப் பார்த்தது. 1957 ஜனவரியில் கடையைச் சாத்தியது. அந்த ஆண்டின் கடைசியில் ஸ்டூடியோ வளாகங்கள் 61 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. வாங்கியது டெசிலு. பூக்கடைப் பெண்ணை நினைவிருக்கிறதா? லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் நடத்திய கம்பெனி அது. இருவரும் முதலில் சந்தித்ததே ஆர்.கே.ஓ.வின் 1940-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில். 1951-ல் 'ஐ லவ் லூசி' தொடங்கியபோது, நியூயார்க்கில் நேரடி ஒளிபரப்பாக நடத்தச் சொன்னது சி.பி.எஸ். இவர்கள் லாஸ் ஏஞ்சலிஸை விட்டு வர மறுத்து, ரசிகர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்களில், 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராயண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' எடுத்த அதே மனிதர். கூடுதல் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, நெகட்டிவ் எங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். சி.பி.எஸ். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சியை வைத்து என்ன செய்யப்போகிறார்கள்? சில ஆண்டுகள் கழித்து அதே நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பு உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்து சி.பி.எஸ்.ஸே வாங்க வேண்டியிருந்தது. ஆர்.கே.ஓ. வளாகத்தை வாங்கும் தெம்பு டெசிலுவுக்கு அப்படித்தான் வந்தது.

கல்வர் சிட்டியில் இருந்த 'நாற்பது ஏக்கர்' என்ற திறந்தவெளி வளாகமும் அந்த விற்பனையில் சேர்ந்தது. 'கிங் காங்'கின் பெரிய மதில் நின்ற இடம் அது. 1938 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் அட்லாண்டா தீக்காட்சிக்காக அந்த மதிலையும் பழைய செட்டுகளையும் கொளுத்தினார்கள். பின்னர் அதே இடத்துத் தெருக்களில் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'வின் மேபெரி கிராமம் எழுந்தது. கவர் தெரு வளாகத்தில் 'ஸ்டார் ட்ரெக்'கும் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரும் உருவாயின. 1967-ல் டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் விலைக்கு வாங்கி, மதில் இடித்து, பக்கத்திலிருந்த பாரமவுன்டோடு சேர்த்துவிட்டது.

படங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1987-ல் அவற்றின் உரிமை டெட் டர்னர் வசம் வந்தது. பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் தீட்டித் தொலைக்காட்சியில் ஓட்டும் ஆசை பிடித்திருந்தவர் அவர். 'கிங் காங்'குக்கும் அந்தக் கதி வந்தது. 1989 ஜனவரியில் 'சிட்டிசன் கேன்' மீதும் அவருடைய ஆட்கள் கை வைக்கப்போவதாகச் செய்தி வந்தபோது ஹாலிவுட்டே கொதித்தது. வெல்ஸ் இறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. டர்னரின் வழக்கறிஞர்கள் பழைய கோப்புகளைத் தேடி 1939-ல் ஷேஃபர் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார்கள். படத்தின் வடிவத்தில் வெல்ஸுக்குத் தந்திருந்த உரிமை நிறத்தையும் தொடக்கூடும் என்று அவர்களுக்குப் பட்டது. பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அடுத்த வாரம்: நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் ஏஜென்ட் கம்பெனி ஒன்று யுனிவர்சல் ஸ்டூடியோவின் நிலத்தையே வாங்கிய கதை.

(தொடரும்)